சிவப்பு முக்கோணத்தைத் தட்டலாமா?

"நேத்து வரைக்கும் சிவப்பு முக்கோணம் வந்தா கை வெக்காதன்னீங்க. இன்னிக்கு நீங்களே தட்டுன்றீங்க. இன்னாண்ணா இது?"

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி கேட்டது. "அது வெளி சைட்டுக்குப்பா. இது நம்ம சர்வர், தட்டலாம்" என்றேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் பேங்க் பெயரில் மோசடி லிங்க் அனுப்புகிறவனும் இதையேதான் சொல்கிறான்: இது நம்ம பேங்க், தட்டலாம்.

பழைய சர்வரின் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் சிவப்பு முக்கோணம் போட்டு எச்சரிக்கும், சிலசமயம் திறக்கவே மறுக்கும். எல்லோரும் இதை பிரவுசர் கோளாறு என்றுதான் சொல்கிறார்கள். கோளாறு பிரவுசரில் இல்லை. சர்வரைத் தூரத்திலிருந்து ஆன், ஆஃப் செய்ய மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் மேனேஜ்மென்ட் சிப், வாங்கிய வருஷத்து ஃபர்ம்வேரோடு (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) அங்கேயே நிற்கிறது. பிரவுசர் மாதாமாதம் நகர்கிறது. குரோம் 45 வந்த 2015 செப்டம்பரில் பிரவுசருக்குள் ஜாவா புரோகிராமை ஓட்டும் பிளக்-இன்னுக்கான வழியே அடைபட்டது. 2020 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 78, ஜூலையில் குரோம் 84, இரண்டும் டிஎல்எஸ் (பிரவுசரும் சர்வரும் பூட்டிப் பேசும் நெறிமுறை) 1.0, 1.1 வெர்ஷன்களை ஓரங்கட்டின. சிப்புக்குத் தெரிந்ததே 1.0 மட்டும் என்றால் பேச்சே நடக்காது.

அதனால் முதலில் வந்திருக்கும் எரர் எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். சர்டிபிகேட், அதாவது சர்வர் காட்டும் அடையாளச் சான்று, அதில் எரர் என்றால் "அட்வான்ஸ்டு" என்ற பட்டன் இருக்கும், அதற்குள் தாண்டிப்போகும் லிங்க்கும் இருக்கும். "வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்" (டிஎல்எஸ் வெர்ஷனோ பூட்டும் முறையோ பொருந்தவில்லை) என்று வந்தால் எங்கே தட்டினாலும் வழி கிடையாது. இல்லாத லிங்க்கைத் தேடித்தான் ராத்திரியில் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். சந்தேகமென்றால் என்மேப் என்ற நெட்வொர்க் சோதனை டூலில் எஸ்எஸ்எல் சைஃபர்களைப் பட்டியலிடும் ஸ்கிரிப்டை, வெப் பக்கம் வரும் 443 போர்ட் மேல் ஓட்டினால், சிப் எந்த வெர்ஷன், எந்த சைஃபர் பேசுகிறது என்று கொட்டிவிடும். ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற டிஎல்எஸ் டூலை வைத்துச் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: செக்யூரிட்டி லெவலை 0-க்கு இறக்காவிட்டால் அதுவே 1.0 பேச மறுத்துவிடும். குற்றம் சர்வர் மேல் விழும்.

மூன்றாவதாக ஒரு ஜாதி ஃபயர்ஃபாக்ஸில் வரும். ஃபேக்டரியிலிருந்து வந்த இரண்டு சர்வர்களின் சர்டிபிகேட்டில் ஒரே சீரியல் நம்பர் இருக்கும். முதல் சர்வர் திறக்கும், இரண்டாவது "ரீயூஸ்ட் இஷ்யூயர் அண்ட் சீரியல்" என்று சொல்லி நின்றுவிடும், தாண்டவே விடாது. செட்டிங்ஸில் சர்டிபிகேட்ஸ் பகுதிக்குப் போய், சர்வர்ஸ் டேபில் பழைய எக்ஸெப்ஷனை அழித்தால் இரண்டாவது திறக்கும், அப்புறம் முதலாவது அடம்பிடிக்கும். ஒவ்வொரு சிப்பிலும் புது சர்டிபிகேட் உண்டாக்கினால்தான் தீரும். அதற்குமுன் சிப்பின் தேதியைப் பாருங்கள். போர்டில் இருக்கும் காயின் பேட்டரி செத்து தேதி பின்னால் ஓடியிருந்தால், புது சர்டிபிகேட் பிறக்கும்போதே காலாவதியாகியிருக்கும்.

வெர்ஷன் பிரச்சினைக்கு முதல் மருந்து ஃபர்ம்வேர். சில மாடல்களுக்குக் கடைசியாக வந்த ஃபர்ம்வேரிலேயே டிஎல்எஸ் 1.2 உண்டு, யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். அது இல்லாத மாடல் என்றால் ஃபயர்ஃபாக்ஸின் கான்ஃபிக் பக்கத்தில் டிஎல்எஸ் வெர்ஷன் மினிமம் என்ற மதிப்பை 3-லிருந்து 1-க்கு இறக்குவது (அங்கே 3 என்றால் டிஎல்எஸ் 1.2, 1 என்றால் 1.0). நெட்டில் தேடினால் முதலில் கிடைப்பது இதுதான். அந்த மாற்றம் அந்த ஒரு சர்வருக்கு மட்டுமில்லை, அந்த பிரவுசரில் திறக்கிற எல்லா சைட்டுக்கும் பொருந்தும் என்பதை அங்கே யாரும் எழுதுவதில்லை. ஆகவே ப்ரொஃபைல் மேனேஜரில் தனி ப்ரொஃபைல் போட்டு, அதில் மட்டும் இறக்க வேண்டும். அந்த ப்ரொஃபைலின் தீம் நிறத்தையும் மாற்றி வைத்துவிட்டால், மெயில் பார்க்கிற ஜன்னல் எது, சர்வர் ஜன்னல் எது என்று பார்த்தவுடன் தெரியும்.

பக்கம் திறந்தாலும் ரிமோட் கன்சோல், அதாவது சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து காட்டும் ஜன்னல், திறக்காது. நிஜமான தலைவலி அதுதான். இறங்குகிற ஜாவா லாஞ்ச் ஃபைலின் பெயரில், எக்ஸ்டென்ஷனுக்குப் பின்னால் ஐபி அட்ரஸும் அடைப்புக்குறியும் ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸுக்கு அது என்ன ஃபைல் என்றே தெரியாது. வாலை வெட்டி ரீநேம் பண்ண வேண்டும். நேற்று இறக்கியதை இன்று திறந்தால் லாகின் ஃபெயில் என்று வரும், ஏனென்றால் அந்த செஷனின் சாவி அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு ஜாவா கன்ட்ரோல் பேனலில் எக்ஸெப்ஷன் சைட் லிஸ்டில் சர்வரின் முழு முகவரி. அதன்பிறகும் மறுத்தால் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜாவா செக்யூரிட்டி ஃபைல். ஜாவா 8 அப்டேட் 131 முதல் எம்டி5 என்ற பழைய முறையில் கையெழுத்திட்ட ஜார் ஃபைல்கள் (ஜாவா புரோகிராம் பொட்டலங்கள்) கையெழுத்தில்லாதவையாகவே எண்ணப்படுகின்றன. அப்டேட் 291 முதல் டிஎல்எஸ் 1.0, 1.1 அணைந்தே வருகின்றன. டிஸ்ஏபிள்டு அல்காரிதம்ஸ் வரிகளிலிருந்து இவற்றை எடுத்தால் கன்சோல் வரும். இவ்வளவும் செய்து கறுப்புத் திரை மட்டும் வந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். 443-ஐத் திறந்தவர் 5900-ஐ மறந்திருப்பார். கன்சோலுக்கு எந்த போர்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டைக் கழற்றுகிறோம். கழற்றுவது நான். கழற்றிய கதவு வழியாக ராத்திரி இரண்டு மணிக்குப் போய் வருவது அந்தத் தம்பி. சர்வர் படுத்து எடைமேடை நின்றால் டிரெய்லர்கள் எண்ணூர் ரோடு வரை நிற்கும். அவனுக்கு வரும் போன்கள் எனக்கு வருவதில்லை.

முதலில் ஒரு யோசனை இருந்தது. அவனுக்குத் தேவை பெரும்பாலும் பவர் ஆஃப், பவர் ஆன்தான். அதற்கு ஏன் பிரவுசர்? மேனேஜ்மென்ட் சிப்போடு பேச ஐபிஎம்ஐ என்று ஒரு நெறிமுறை உண்டு; அதற்கான ஐபிஎம்ஐடூலில் ஒரு வரி கமாண்ட் போதும், ஸ்கிரிப்டாகப் போட்டு டெஸ்க்டாப்பில் வைத்துவிடலாம். ஆனால் ஐபிஎம்ஐ 2.0-இன் லாகின் முறையில், சரியான யூசர் பெயரைச் சொல்லிக் கேட்பவர் யாரானாலும், பாஸ்வேர்டின் ஹாஷை (ஊகித்து ஊகித்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் சங்கேத வடிவம்) சிப்பே அவர் கையில் கொடுத்துவிடும். அது அந்த நெறிமுறையிலேயே இருக்கும் ஓட்டை, ஃபர்ம்வேரால் அடைபடாது. எச்சரிக்கைத் திரையும் வராது. திரை வராத ஆபத்தைத் தேர்ந்தெடுத்தால் அவன் கேள்வி கேட்க மாட்டான், அவ்வளவுதான். அதனால் ஐபிஎம்ஐ பேசும் யுடிபி 623 போர்ட்டை மூடச் சொன்னேன்.

கடைசியில் முடிவானது பழைய லேப்டாப். 32 பிட் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), 32 பிட் ஜாவா. விண்டோஸில் 64 பிட் போட்டால் ஜாவா பிளக்-இன் ஏறாது. சாதாரண 52-இலும் ஏறாது, ஈஎஸ்ஆர்தான் வேண்டும். வைஃபை கார்டையே கழற்றியாயிற்று. மேனேஜ்மென்ட் போர்ட்கள் மட்டும் இருக்கும் தனி விலேனில் (பிரித்துவைத்த நெட்வொர்க்) ஒரு கேபிள். மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஒவ்வொரு சர்வரின் சர்டிபிகேட் கைரேகை, 64 எழுத்தில் முதல் எட்டும் கடைசி எட்டும். சர்வரில் நேரடியாக கேபிள் குத்தி எடுத்தது. திரையில் வருவதும் தாளில் இருப்பதும் ஒன்றானால் மட்டும் தட்டு என்பது இப்போதைய சட்டம்.

சட்டம் சரிதான். தூக்கக் கலக்கத்தில் பதினாறு எழுத்தை யார் ஒப்பிடுவார்கள்? "பார்க்குறேண்ணா" என்கிறான். நான் மேற்கொண்டு கேட்பதில்லை. எச்சரிக்கையே வராமல் செய்யலாமே என்றால், நம் சொந்த சிஏ (சர்டிபிகேட்டுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) வைத்துக் கையெழுத்திடலாம்தான். சிப் தரும் சர்டிபிகேட் கோரிக்கையில் சர்வரின் பொதுப்பெயர் (காமன் நேம்) மட்டும் இருக்கும், குரோம் 58-க்குப் பிறகு அது செல்லாது, கையெழுத்திடும்போது ஐபியை ஆல்டர்னேட்டிவ் நேமாகச் சேர்க்க வேண்டும். சில சிப்கள் 1024 பிட்டுக்கு மேல் சாவியே உண்டாக்காது, இன்றைக்கு அது பலவீனமான சாவி. இங்கே இரண்டு சர்வர் அந்த ரகம். அவற்றுக்குத் தாள்தான் கதி.

சர்வரையே மாற்றச் சொல்லலாம், சொன்னேன். "ஓடிக்கிட்டுதானே சார் இருக்கு" என்றார் மேனேஜர். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது லேப்டாப்பின் பேட்டரி உப்ப ஆரம்பித்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் மட்டும் ஓட்டலாம், ஆனால் கரண்ட் போகிற ராத்திரிதான் அது தேவைப்படும். ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்ட் ஒன்று பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ஃபோல்டர், ஜாவா இன்ஸ்டாலர், திருத்திய செக்யூரிட்டி ஃபைல் மூன்றும் பென்டிரைவில் இருக்கின்றன; கடையிலேயே ஏற்றி, ஜாவா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். தாளைக் கிழியாமல் பிரித்து ஒட்ட முடியாது, புதிதாகத்தான் பிரின்ட் எடுக்க வேண்டும். இந்தமுறை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக.