காரணம் தெரியாத ஐந்து கிலோ

பிப்ரவரி 3

61.8. கருத்தடை மாத்திரை தொடங்கியதிலிருந்து ஐந்து கிலோ கூடியிருக்கிறது.

பிப்ரவரி 4

இன்று 61.2. ஒரே இரவில் அறுநூறு கிராம் கொழுப்பு கரைந்துவிடாது என்பது தெரிந்ததுதான். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. தூங்கி எழுவதற்குள் அதில் பாதியைக்கூட யாராலும் செலவழிக்க முடியாது. அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உடனே அரைக் கிலோ ஏறும், உப்பு சற்றுக் கூடினால் மறுநாள் வரை உடல் நீரை விடாது, மலச்சிக்கலும் தன் பங்குக்கு இருநூறு முந்நூறு கிராமைக் கூட்டிக் காட்டும். இத்தனையும் அறிந்திருந்தும், காலையில் அந்தக் கண்ணாடிப் பலகையின் மேல் ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்தால் எடை குறையுமா என்ன?

கணவர் பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "நீ அப்படியேதான் இருக்கிறாய்" என்றார். அப்படியே இல்லை என்பதைத்தானே இவ்வளவு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாளை இரவு முழுவதுமாக விரித்துப் படித்தேன். மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய தாள், எறும்பு எழுத்துகள். பக்க விளைவுகளின் வரிசையில், குமட்டல், மார்பக வலி, தலைவலி ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே 'எடை கூடுதல்' என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் மருத்துவரைக் கேட்டால், ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த இந்தக் கலப்பு மாத்திரை எடையைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்கிறார். பெட்டிக்குள் இருக்கும் தாள் பொய் சொல்கிறதா, மருத்துவர் பொய் சொல்கிறாரா என்ற கேள்வியோடு நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தேன்.

இருவருமே பொய் சொல்லவில்லை என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. மருந்தைச் சோதிக்கும் காலத்தில் அதை உட்கொண்டவர்கள் என்னென்ன சொன்னார்களோ அவை பட்டியலில் இடம்பெறுகின்றன. மருந்துதான் காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் மெய்ப்பித்த பிறகு சேர்ப்பதில்லை. மறுபுறம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வு 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பெரிய விளைவு எதுவும் தென்படவில்லை என்று முடித்திருக்கிறது. அந்த 49இல், போலி மாத்திரையோடு அல்லது எதையும் உட்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவை நான்கே நான்கு. மற்றவை எல்லாம் ஒரு மாத்திரையை இன்னொரு மாத்திரையோடு ஒப்பிட்டவை.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலருக்கு மூன்று கிலோ கூடி, வேறு சிலருக்கு மூன்று கிலோ குறைந்தால், சராசரியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதானே வரும்? அந்தச் சராசரிப் பெண்ணின் பெயரில் என்னிடம் மருந்துச் சீட்டு இல்லை.

பிப்ரவரி 7

கைக்கடிகாரத்தின் வாரை அடுத்த துளைக்கு மாற்றினேன்.

பிப்ரவரி 11

அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். எப்போதும்போல் நான் எடையைப் பற்றித் தொடங்க, எப்போதும்போல் அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "பழைய எடை, பழைய எடை என்கிறாயே, அது நோயாளியின் எடை அல்லவா? ரத்தம் போய்ப் போய், மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவாயே, அந்த உடம்பா உனக்குத் திரும்ப வேண்டும்?" என்றாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அவள் சொன்னது தவறு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. மாத்திரை தொடங்கும் முன் ஹீமோகுளோபின் 8.9, இப்போது 12.4. மாதவிலக்கு நாட்களில் படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக இரவில் எழுந்திருப்பது நின்றுவிட்டது. பசிக்கிறது. முன்பு உணவைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வரும். இப்போது தட்டு காலியாகிறது. அப்படியானால் இந்த ஐந்து கிலோ ஹார்மோன் தந்ததா, அந்த ஹார்மோன் திருப்பித் தந்த பசி தந்ததா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சோதனைக் கூடத்தில் எழுதித் தருவார்கள்?

பிப்ரவரி 12

அக்காவின் மீது கோபம் தீரவில்லை. 61.6.

பிப்ரவரி 15

மருத்துவமனைக்குப் போய் வந்தேன். முதல் வேலையாகச் சிறுநீர் கேட்டார்கள். கருவுற்றிருக்கிறேனா என்று பார்ப்பதற்காம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவளிடம் இதைக் கேட்டதும் செவிலியரும் நானும் சேர்ந்தே சிரித்துவிட்டோம். ஆனாலும், காரணமில்லாமல் எடை கூடுகிறது என்று ஒரு பெண் வந்து நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டுமாம். இல்லை என்று வந்தது.

இம்முறை பார்த்தவர் வேறொரு மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி. "நீங்கள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கவில்லை என்பதற்காகவே அவரைப் பிடித்துவிட்டது. நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன். மீண்டும் ஒருமுறை என்றார், எழுந்தேன். தொடைத் தசைகள் வலுவிழந்திருக்கின்றனவா என்று பார்த்தாராம். பிறகு வயிற்றில் அகலமான ஊதாநிறக் கோடுகள் உண்டா என்றும், லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப் போகிறதா என்றும் கேட்டார். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, விரலை எடுத்த பின் குழி விழுகிறதா என்று வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். விழவில்லை. ரத்த அழுத்தம் 118/76.

வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறேன் என்று நெடுநேரம் கேட்டார். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, இன்சுலின் என்று எடையைக் கூட்டுபவை பல உண்டாம்; என்னிடம் எதுவும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை ஒன்றுதான்.

தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை மறுநாள் முடிவு.

பிப்ரவரி 16

காலுறையைக் கழற்றியதும் கணுக்காலைச் சுற்றி விழுந்திருக்கும் வரியை நானே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பும் இப்படித்தான் விழுந்ததா என்று நினைவில்லை. முன்பெல்லாம் யார் கணுக்காலைப் பார்த்தார்கள்?

பிப்ரவரி 17, இரவு

முடிவு வந்துவிட்டது. தைராய்டு ஹார்மோனான டி4இன் மொத்த அளவு தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு அச்சாகியிருக்கிறது. கூடுதல்! தைராய்டு குறைந்தால் எடை கூடும். கூடினால் எடை குறையத்தானே வேண்டும்? நான் தேடிப் போனது குறைவை, வந்திருப்பது மிகுதி. எனக்கு இரண்டு நோய்கள் இருக்கின்றன போலும், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு. அவர் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

பிப்ரவரி 18

ஒரு நோயும் இல்லை.

மருத்துவர் தொலைபேசியிலேயே விளக்கினார். மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தை ஈரலில் மிகுதியாகச் சுரக்க வைக்கிறது. சுமக்கும் புரதம் பெருகினால் அதோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனையும் சேர்த்து எண்ணும் மொத்த அளவு உயர்ந்து காணப்படும். உடல் உண்மையில் பயன்படுத்தும் தனித்த டி4 அளவு மாறாது. ஆகவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பார்க்க வேண்டியவை, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவும் தனித்த டி4 அளவும்தான். என்னுடைய டி.எஸ்.எச். 2.3, தனித்த டி4 இயல்பு. கார்டிசால் சோதனையிலும் இதே சிக்கல் உண்டாம்: மாத்திரையால் ரத்தத்தில் மொத்த கார்டிசால் உயர்ந்து காட்டும், அந்த ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோய் இல்லாமலேயே இருப்பதுபோல் மிரட்டும். அறிகுறி ஒன்றும் இல்லாததால் அந்தச் சோதனை இப்போது வேண்டாம் என்றார்.

ஆக, மாத்திரை என் எடையைக் கூட்டியதா என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. என் சோதனை முடிவைக் கூட்டியது என்பதை மட்டும் எல்லோரும் அட்டியில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

நிம்மதியாக இருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று இருந்திருக்கலாமே என்று தோன்றுவது எவ்வளவு கேவலம். பெயருள்ள ஒரு நோய் இருந்தால் அதற்கு ஒரு மாத்திரை இருக்கும்.

பிப்ரவரி 22

நீர்தானோ என்ற ஐயம் மறுபடியும். ஈஸ்ட்ரோஜன் ஈரலில் இன்னொரு புரதத்தையும் பெருக்குகிறது. அதன் தொடர்ச்சியாக ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்து, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கலாம். 1960இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராமும், அதன் துணை ஹார்மோன் ஏறத்தாழ 10 மில்லிகிராமும் இருந்தன. என் அட்டையில் இருப்பது 30 மைக்ரோகிராம். 'மாத்திரை சாப்பிட்டால் ஊதிவிடுவாய்' என்று அம்மா சொல்வது அந்தக் காலத்து மாத்திரைகளின் நினைவிலிருந்து வழிவழியாக வந்த பேச்சாகவும் இருக்கலாம். நீரை வெளியேற்றும் போக்குடைய டிராஸ்பிரினோன் என்ற ஹார்மோன் சேர்ந்த மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். ஆனால் நீர் என்றால் மருத்துவரின் கட்டைவிரல் ஏன் குழி காட்டவில்லை?

மார்ச் 1

உடன் பணிபுரியும் ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசிக்கு மாறிவிடு, நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லையே இல்லை என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஹார்மோன் கருத்தடை முறைகளிலேயே எடை கூடுவதோடு அழுத்தமாகத் தொடர்புபடுத்தப்படுவது அந்த ஊசிதான். முதலாண்டில் சராசரியாக 2.5 கிலோ, இரண்டாண்டு முடிவில் 3.7 கிலோ என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடியவர்களுக்கு மேலும் மேலும் கூடும் வாய்ப்பு மிகுதி. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. புன்னகைத்து நன்றி சொன்னேன்.

இவர்கள் எல்லோருக்கும் நான் ஏன் என் எடையைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்?

மார்ச் 2

62.0. இந்த எண்ணுக்காகவே காத்திருந்ததைப் போல இருந்தது.

மார்ச் 5

இனி நாள்தோறும் ஏறி நிற்கக் கூடாது, மாத்திரை அட்டையின் ஒரே கட்டத்தில், வாரத்தில் ஒரே கிழமையில், எழுந்து சிறுநீர் கழித்த பிறகு மட்டும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கூடவே இஞ்சு டேப்பால் இடுப்பளவும் எடுக்கச் சொன்னார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு. மூச்சை விட்ட பிறகு! எங்கிருந்து கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

79 செ.மீ.

மார்ச் 8

எடைப் பலகையை அலமாரிக்கு மேல் வைத்தேன். ஏணி இல்லாமலேயே எட்டிவிடுகிறது.

மார்ச் 9

மூன்று வழிகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டு எடை இறங்குகிறதா என்று சில மாதங்கள் பார்ப்பது முதலாவது. அப்படி இறங்கினாலும், மாத்திரை நின்றதால் இறங்கியதா, மறுபடி ரத்தம் போய் இளைத்தேனா என்று எப்படிப் பிரித்தறிவேன்? கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோனே இல்லாத காப்பர் டி இரண்டாவது. அது உதிரப்போக்கைக் கூட்டக்கூடியது என்பதால் மருத்துவரே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். மூன்றாவது, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம். 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனை அடக்கிக்கொண்டு, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் என்ற அளவில் கசிய விடுகிறது. ஈஸ்ட்ரோஜன் கிடையாது, உதிரப்போக்கு வெகுவாகக் குறையும். எடை கூடாதா என்று கேட்டேன். "அதிலும் சிலர் கூடியதாகச் சொல்வார்கள், சாதனம்தான் காரணம் என்று என்னால் எழுதித் தர முடியாது. உங்களுக்குக் கூடியிருப்பது மட்டும் உண்மை, அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்" என்றார்.

கோப்பில் அதை எழுதுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். எண்ணையும், தேதியையும், 'காரணம் தெரியவில்லை' என்பதையும் எழுதினார். என் உணவுப் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

கணவரிடம் மூன்றாவது வழியைப் பற்றிச் சொன்னேன். வலிக்குமா என்று கேட்டார். பொருத்தும்போது வலிக்கும் என்றேன். நானும் வருகிறேன் என்றார்.

மார்ச் 10

முன்பதிவுக்கு அழைத்தேன். அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது. அதுவரை இந்த மாத்திரையையே விடாமல் சாப்பிட வேண்டும் என்பதால் புதிய அட்டையைப் பிரித்துவிட்டேன். ஹீமோகுளோபின் முடிவுத் தாளைக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். அதை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.