பம்பாய் மார்கழிக்கு மெட்ராஸ் கடிகாரம் எதற்கு?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நாலு தமிழ் வீடுகள் இருக்கும் சொசைட்டி எதுவானாலும், நவம்பர் கடைசியில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "இந்த வருஷம் திருப்பாவை கோஷ்டி வைக்கலாமே!" மார்கழி விடியலில் ஒன்றாகக் கூடி ஆண்டாள் பாசுரங்களைச் சொல்வதுதான் கோஷ்டி. முதல் நாள் முப்பது பேர் வருவார்கள், பத்தாம் நாள் ஆறு பேர். பக்தி குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். உண்மையில் குறைந்தது தூக்கம்.

டிசம்பர் நடுவில் சென்னையில் 6.20 வாக்கில் சூரியோதயம். மும்பையில் 7 மணி ஆகிவிடும், பொங்கல் சமயத்தில் கிட்டத்தட்ட 7.15. பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்கி 48 நிமிஷம் முன்னால் முடிகிறது. இங்கே அது சுமார் 5.25 முதல் 6.15 வரை. ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாலரைக்கு எல்லோரையும் எழுப்புவது வீண் வேலை. காலை 6 மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி வைக்க விதியும் இடம் தராது. மைக் இல்லாமல் 5.45க்குத் தொடங்கினால், முன்னால் சொல்லும் துதியான தனியனோடு முப்பது பாசுரத்தையும் சொல்லி முடிக்க 25 நிமிஷம் போதும். ஏழு மணி லோக்கலைப் பிடிப்பவரும் வருவார். மார்கழி பெரும்பாலான வருஷங்களில் 29 நாள்தான். தினம் ஒரு பாசுரம் என்று சொல்பவர்கள் போகியன்று கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அடுத்த சிக்கல் ராகம். முதல் பாசுரம் நாட்டை ராகம் என்று சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் கொடுத்த மெட்டு கச்சேரிக்கு அழகு. கோஷ்டியில் அதைப் பிடித்துக்கொண்டால், மூன்றாம் நாளே பாட்டு கற்ற நாலு பேர் மட்டும் பாடுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். கேட்பதற்கு சபா இருக்கிறதே! கோஷ்டிக்கு வருகிறவர் தேடுவது, தன் குரல் தப்பினாலும் தாங்கிக்கொள்ள இருபது குரல். அதனால் ராகம் வேண்டாம், குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் 'சந்தை' பாடம்போல் நேராகச் சொன்னால் போதும். ஆண்களுக்கு 1 கட்டையும் பெண்களுக்கு 5 கட்டையும் தோது என்பதால் எல்லோரும் ஒரே சுருதியில் நிற்பது கஷ்டம். தாழ்ந்த குரலில் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. பாதிப் பேர் முன்னால் ஓடுவதற்குக் காரணம், ஆளுக்கொரு இடத்தில் மூச்சு விடுவது. எட்டு அடியை இரண்டு இரண்டாகப் பிரித்து, இரு அணியாக மாற்றி மாற்றிச் சொன்னால் ஓட்டம் நின்றுவிடும்.

ஒன்றுமே தெரியாதவருக்கும் ஒரு வாசல் உண்டு. முதல் இருபத்தொன்பது பாசுரமும் "ஏலோர் எம்பாவாய்" என்றுதான் முடிகிறது, கடைசிப் பாசுரம் மட்டும் "இன்புறுவர் எம்பாவாய்". புதிதாக வந்தவர் அதை மட்டும் சேர்ந்து சொல்லட்டும், ஒரு வாரத்தில் முந்தின அடியும் தானாக நாக்கில் வந்துவிடும். திருவெம்பாவை இருபதுக்கும் அதே முடிவு. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்தால் அங்கேயும் முப்பது. சைவ வீடும் வைணவ வீடும் ஒரே மாடியில் இருக்கும் இந்த ஊரில், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது. நாகரியில் அச்சடித்துக் கொடுப்பார்கள். மராத்தியில் ளகரம் இருக்கிறது, ழகரம் இல்லை. 'மார்கழி' அங்கேயே 'மார்களி' ஆகிவிடும். ழ வருமிடங்களிலெல்லாம் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், நாக்கை மடிக்க அது போதும்.

வராதவரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். இளசுகளுக்கு அது வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும், மறுநாளும் வரமாட்டார்கள். ஆனால் தனியாக இருக்கும் எழுபது வயது மாமிக்கு, 'ஏன் வரலை?' என்று யாராவது கேட்பதுதான் பாதி பிரசாதம். அவருக்கு ஒருவர் போன் செய்தால் போதும்.

'கூடாரை வெல்லும்' என்ற இருபத்தேழாம் பாசுரத்தைச் சொல்லி அக்காரவடிசல் படைக்கும் கூடாரவல்லி பெரும்பாலும் ஜனவரி 11. இருபத்தைந்து தொன்னைக்கு அரை கிலோ அரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, 3 லிட்டர் பால், ஒரு கிலோ வெல்லம், 300 கிராம் நெய். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும், வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்பு அதைச் செய்யும். கரைத்து வடிகட்டி, சூடு ஆறவிட்டு, அரிசி பாலை முழுக்க இழுத்துக் குழைந்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சேருங்கள். வடிகட்டியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் இந்த வேலை ஏன் என்று புரியும்.

கோஷ்டியால் தர முடியாதது ஒன்று உண்டு. மனசுக்குள் இருப்பதைச் சொல்ல அவரவருக்கு ஒரு மௌனம் வேண்டும். கோஷ்டியை நிறைவு செய்யும் சாற்றுமுறை ஆனதும் விளக்கு மட்டும் எரியட்டும். ஐந்து நிமிஷம் அறிவிப்பு வேண்டாம், வசூல் கணக்கு வேண்டாம், கண்ணை மூடச் சொல்லிக் கட்டளையும் வேண்டாம். பிரசாதப் பாத்திரத்தை அதுவரை திறக்கவே கூடாது. நெய் வாசனை வந்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள்.