நான்கு மணி, இரண்டு நிறம்

குன்னூரில் மூன்று நாளாக மழை. நேற்று ராத்திரி கரண்ட் போனதும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மகள் மணி கோக்க உட்கார்ந்தாள். சிவப்பும் கறுப்புமாக ஒரு வளையத்துக்கு நான்கு மணி. "எத்தனை விதமாகக் கோக்கலாம்?" என்றேன். 16 என்றாள். அப்புறம் ஒரு வளையத்தை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது முன்னாடி கோத்ததேதான்" என்றாள்.

அதேதான் விஷயம். சுற்றினால் ஒன்றாகிவிடுபவை எல்லாம் ஒரே வளையம். சுற்றாமல் விடுவதையும் சேர்த்து நான்கு விதமாகச் சுற்றலாம். அவள் சொன்ன 16 விதங்களில், ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் இருப்பவை முறையே 16, 2, 4, 2. கூட்டி நான்கால் வகுத்தால் 6. நிஜமாக வேறுபட்ட வளையங்கள் அவ்வளவுதான்.

இதற்குப் பர்ன்சைடு துணைத்தேற்றம் என்று பெயர். வில்லியம் பர்ன்சைடு (1852–1927) கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் 1885 முதல் 1919 வரை பாடம் நடத்தியவர். இப்படிச் சுற்றுவது போன்ற மாற்றங்களின் தொகுப்பைக் கணிதத்தில் குலம் (group) என்பார்கள். அந்தக் குலக் கோட்பாட்டுக்கு ஆங்கிலத்தில் முதல் நூலை 1897இல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், துணைத்தேற்றம் அவருடையதே அல்ல. ஜெர்மன் கணித அறிஞர் ஃப்ரோபீனியஸுடையது என்று அந்த நூலில் அவரே சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய நிஜமான ஊகம் வேறு: ஒற்றைப்படை எண்ணிக்கையில் உறுப்புகள் கொண்ட முடிவுறு குலங்கள் எல்லாமே தீர்க்கக்கூடியவை, அதாவது வரிசை மாறினாலும் விடை மாறாத எளிய குலங்களாகப் படிப்படியாகப் பிரிக்கக்கூடியவை. 1963இல் கணித அறிஞர்கள் ஃபைட்டும் தாம்சனும் அதை நிரூபிக்க 255 பக்கம் ஆனது.

காலையில் கரண்ட் வந்தபோது வளையத்தில் ஐந்தாவது மணி ஏறியிருந்தது. 8 விதம்தான் என்றேன். நம்பவில்லை, இன்னும் கோத்துக்கொண்டிருக்கிறாள்.