தூசி மீட்டர்: கார்த்திகையிலிருந்து ஆடி வரை

எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, மேற்கே முக்கால் கிலோமீட்டரில் கல் உடைக்கிற கிரஷர் ஒன்று. ஜல்லி லாரி போகிற மண்தடம் வேலியை ஒட்டியே வருகிறது. வேலியோர முருங்கை வருஷத்தில் பாதி நாள் சாம்பல் பூசி நிற்கும். எல்லாரும் தூசி, தூசி என்கிறோமே, எத்தனை என்று அளந்துதான் பார்ப்போமே என்று போன கார்த்திகையில் ஆரம்பித்தேன்.

வாங்கியது தூசி அளக்க ஒரு எஸ்டிஎஸ் 011 சென்சார், அது சொல்வதை வாங்கிக் கணக்குப் போட நோட்எம்சியூ என்கிற குட்டிக் கணினி போர்டு, ஈரப்பதம் பார்க்க டிஎச்டி 22. சென்சாருக்குள் இருக்கிற குட்டி ஃபேன் காற்றை இழுக்கும். லேசர் வெளிச்சம் துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து எடையை ஊகித்துச் சொல்லும். ஊகம்தான், நிறுத்துப் பார்ப்பதில்லை. இதன் அர்த்தம் தை மாசம்தான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு தடவையும் சென்சாரிலிருந்து பத்து பைட், அதாவது பத்து எண், வரும். நான்காவதை 256-ஆல் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான்) மேற்படாத நுண்துகளின் அளவு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, முதல் ராத்திரி எங்கள் தோட்டம் டில்லியையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று பதறிப்போனேன். இன்னொன்று, லேசரின் ஆயுள் 8000 மணி நேரம்தான். வருஷத்துக்கு 8760 மணி. ஓயாமல் ஓட்டினால் அடுத்த கார்த்திகையைப் பார்க்காது. அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அரை நிமிஷம் மட்டும் எழுப்புகிறேன்.

மார்கழியில் விடிகாலை 170, 190 என்று காட்டியது. ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டர் காற்றுக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. கிழக்கே எங்கோ தேங்காய்த் தொட்டியை எரித்துக் கரி சுடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்பாரு கயிற்றுக்கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "அது பனி கண்ணு. கரிப்பொகைன்னா தொண்டை கரகரங்காதா?"

டிஎச்டியைப் பார்த்தால் ஈரப்பதம் 97 சதவீதம். துகள் ஈரம் குடித்து ஊதிப்போகும், பனித்துளியையும் சென்சார் தூசி என்றே எண்ணும். ஈரப்பதம் 70-க்கு மேல் நம்பாதே என்று சென்சாரோடு வரும் விவரத் தாளிலேயே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இப்போது 70 தாண்டிய அளவையெல்லாம் தனி நிறத்தில் குறிக்கிறேன். மார்கழி ராத்திரி முழுக்க அந்த நிறம்தான்.

தையில் பனி விட்டதும் வரைபடத்தில் இரண்டு மேடு மட்டும் மிஞ்சியது. காலை ஆறேகாலுக்கு ஒன்று, பொழுது சாய ஒன்று. கிரஷர் ஓட ஆரம்பிப்பதே எட்டு மணிக்கு. நாலு நாள் காவல் இருந்து பிடித்தேன்: எங்கள் வெந்நியடுப்பு! தென்னமட்டை, பாளை, பற்றவைக்கக் கிழிந்த உரச்சாக்கு. அம்மாவிடம் சொன்னதற்கு, "அப்ப நாளையிலிருந்து நீ பச்சத்தண்ணில குளி" என்றாள். சென்சாரைத்தான் வீட்டின் மறுபக்கம் மாற்றினேன். மேடு குறைந்தது, போகவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அடுப்பு இருக்கிறதே.

சரி, லாரி? ஒரு நாள் சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு தடத்தோரம் நின்றேன். லாரி போனது. கண்ணிமை வெளுத்து, பல்லில் மண் நறநறத்தது. பி.எம். 2.5 வெறும் 22-இலிருந்து 31. கல்தூசியில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல். அந்தச் சின்ன ஃபேன் அதை ஒழுங்காக இழுக்காது, லேசரும் சரியாக எண்ணாது. பி.எம். 10 என்று அது காட்டுவதையும் நான் நம்புவதில்லை. புகைக்குக் கெட்டிக்காரன், மண்ணுக்குக் குருடு. எதற்காக வாங்கினேனோ அதற்கு உதவவில்லை.

பங்குனியில் ஒரு வாரம் அளவு அப்படியே படுத்துவிட்டது. காற்று சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கழற்றிப் பார்த்தால், சென்சார் காற்று இழுக்கக் கீழ்நோக்கி வைத்திருந்த வளைந்த பிவிசி குழாய்க்குள் குளவி கூடு கட்டி, நாலு பச்சைப் புழுவையும் அடைத்து வைத்திருக்கிறது. இப்போது குழாய் வாயில் கொசுவலை.

கல்தூசிக்குப் பழைய வழிக்கே போனேன். வாய் அகலம் 30 சென்டிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் வாளி, பாதி தண்ணீர், பாசி பிடிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம், மேலே கோழிவலை. ஆறடிக் கல்லுக்கால் மேல் கட்டி 30 நாள். ஆடி முதல் தேதி வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று கிரஷரைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். பிறகு வடிதாளில் வடித்து, காயவைத்து, காங்கேயத்தில் நகைக்கடைத் தராசில் நிறுத்தினேன். தாளின் எடையை முன்னாலேயே எடுத்திருந்தேன். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து, "இது என்னங் தம்பி, மண்ணா?" என்றார்.

1.3 கிராம். வாளி வாயின் பரப்பு 0.07 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு மாசம் ஏறக்குறைய 18 கிராம்.

வேப்பமர வரிசைக்குக் கிழக்கே இரண்டாவது வாளி இப்போது நிற்கிறது. மரம் எத்தனை தடுக்கிறது என்று பார்க்கணும். நேற்று பார்த்தபோது காக்கா ஒன்று வலைமேல் உட்கார்ந்திருந்தது. அதன் எச்சம் விழுந்தால் அந்த எடையை எப்படிக் கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.