திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று: கழுவுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருப்பதாக ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னால், "உடம்புச் சூடுதான், மோர் குடி" என்ற பதிலோடு நம் வீடுகளில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஓர் ஆண்டுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்தால், மருத்துவர்கள் அதைத் தனி வகையாகவே கருதிக் காரணம் தேடுகிறார்கள். அந்தத் தேடலைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாகும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை, நலமாக இருக்கும் பல பெண்களின் உடலிலும் தொல்லை தராமல் வாழ்வதுதான். லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிரிகள் அங்கே இருந்து அதை அடக்கிவைக்கின்றன. ஆகவே இந்தத் தொற்று அழுக்கால் வருவதன்று. சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் ஆகியவற்றால் உள்ளே கழுவக் கழுவ அந்தக் காவல்தான் குலைகிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும்.

வந்திருப்பது பூஞ்சைதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தயிர்த்திப்பி போன்ற கெட்டியான வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் பூஞ்சையைக் காட்டக்கூடும். மீன் வாடையுடன் நீர்த்துப் படுவது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்தே வேறு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, தோலும் மெலியும். மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் வளர்சோதனை செய்தால் எந்த வகைக் கேண்டிடா என்பதும் தெரியும். கிளாப்ரேட்டா என்னும் வகை வழக்கமான ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு எளிதில் கட்டுப்படாது.

அடுத்தது சர்க்கரை. அடிக்கடி தொற்று வரும் பெண்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் பார்த்துவிட வேண்டும் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன், ஏனெனில் நீரிழிவு இருப்பதே சிலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே சர்க்கரை பார்க்க முடியும் என்பதால், செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அவற்றை உட்கொள்ளும் பெண்களுக்கு இந்தத் தொற்று கூடுதலாக வருகிறது. அவற்றைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் தேவையின்றி ஆன்டிபயாடிக் சாப்பிடுவதும் நல்ல நுண்ணுயிரிகளை அழித்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

காரணம் எதுவும் பிடிபடாவிட்டாலும் வழி இருக்கிறது. முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என 150 மி.கி. ஃப்ளூகோனசோல், அதன்பின் வாரம் ஒரு மாத்திரையாக ஆறு மாதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அரிப்பு நின்றதும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முழுதாக முடித்த பிறகும் பலருக்குத் திரும்புவதுண்டு என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஏற்றதன்று. ஏழு நாள் உள்ளே வைக்கும் மருந்தையே மருத்துவர்கள் தருகிறார்கள்.

பருத்தி உள்ளாடை அணிவதும், வியர்வையில் நனைந்ததை உடனே மாற்றுவதும், வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைக்காமல் வெயிலில் உலர்த்துவதும் நல்ல பழக்கங்களே. ஆனால் அவை மட்டுமே தொற்றைத் தடுத்துவிடும் என்று நம்பிவிட முடியாது. தயிரை உண்ணலாம், உள்ளே தடவக் கூடாது, பூண்டும் அப்படியே.

இது பொதுவாகப் பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை. கணவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தாலன்றி அவருக்கும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. இதை வைத்து ஒருவரை ஒருவர் ஐயுறவும் வேண்டியதில்லை. ஆனால் அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், மாதவிடாய் அல்லாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.