துண்டுத்தாள்

மார்ச் 3, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் இன்றும் என் கணவரின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 4, புதன்
ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் அன்பால்தான் வந்தார்கள், தெரியும். ஆனால் ஐந்து பேர் புத்தி சொன்னார்கள். அழாதே, விசுவாசம் குறையக் கூடாது, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா பார். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆறாவது ஆள் அந்த அக்கா. சபையில் சாட்சி சொல்லக்கூட எழுந்து நிற்காதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் உள்ளங்கையில் ஒரு துண்டுத்தாளை வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார்.

"உன்னால் ஜெபிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. நான் ஜெபிக்கிறேன். நீ தூங்கு."

தூங்கினேன். நான்கு மணி நேரம்.

மார்ச் 5, வியாழன்
எபிரெயர் 3:13இல் நாடோறும் ஒருவருக்கொருவர் "புத்திசொல்லுங்கள்" என்று இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 5:11இல் ஒருவரையொருவர் "தேற்றி" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல், பராகலேயோ. பக்கத்தில் வரக் கூப்பிடுவது என்பதுதான் அதன் வேர் என்று வேதபாட வகுப்பில் கேட்டது இன்று முழுவதும் மனதில் ஓடுகிறது. ஆதிச் சபையில் இருந்த பர்னபாவுக்கு அப்போஸ்தலர்கள் வைத்த பேருக்கு "ஆறுதலின் மகன்" என்று அர்த்தம், அந்த "ஆறுதல்" கூட அதே சொல்லில் பிறந்ததுதான். இத்தனை வருஷமும் நான் அதில் "புத்தி"யை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பு ஒருத்தியிடம் நான் சொன்னது ஞாபகம் வருகிறது. அவள் பிள்ளையின் அடக்கம் முடிந்த மறுநாள். எழுத முடியவில்லை.

மார்ச் 7, சனி
நல்ல நாள். தாடியை எடுத்துவிடச் சொன்னார்!

வேதத்தில் ஒநேசிப்போருவைப் பற்றி வாசித்தேன். ரோமாவில் பவுலைத் தேடிக் கண்டுபிடித்தான், அவர் விலங்கைக் குறித்து வெட்கப்படவில்லை, அநேகந்தரம் இளைப்பாற்றினான். சிறையில் அவன் என்ன பேசினான் என்று ஒரு வரிகூட இல்லை. தேடி வந்தான் என்பதைத்தான் பவுல் எழுதி வைத்திருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் ஒரு தம்பி குரல்செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, வாசல் பக்கம் உங்க நாற்காலியில இன்னிக்கும் யாரும் உட்காரல. உங்களுக்குத்தான் வச்சிருக்கோம்." இவ்வளவுதான். இவர் மூன்று முறை போடச் சொன்னார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. இத்தனை நாளில் இவர் அழுதது இதுதான் முதல் தடவை. அழுது முடித்து இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மார்ச் 9, திங்கள்
ஆபரேஷன் தேதி தள்ளிப்போய்விட்டது.

மார்ச் 11, புதன்
யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஜெபமும் வரவில்லை. யோபு எல்லாவற்றையும் இழந்தபோது அவன் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் புண்படுத்தினார்கள். நான் மறுநாளே திறந்துவிட்டேன். "கர்த்தருடைய சித்தம், ஏன் இன்னும் அழுகிறாய்" என்று கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம்.

மார்ச் 12, வியாழன்
ராத்திரி 2:40க்கு அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "இருக்கேன்மா" என்றார். நான் அழுது முடிக்கும்வரை போன் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

மார்ச் 14, சனி
அவளுக்குப் போன் செய்தேன். ஆறு வருஷத்துக்கு முன் சொன்ன அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எனக்கு அது ஞாபகம் இருக்குக்கா" என்றாள். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லாதது எனக்கு எவ்வளவோ மேலாக இருந்தது. அப்புறம் கேட்டாள்: "அண்ணன் எந்த வார்டுல இருக்காரு?"

மார்ச் 15, ஞாயிறு
வந்தாள். மாலைவரை என் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அவள் பிள்ளையின் பேரை நான் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 16, திங்கள்
நாளைக் காலை 7 மணிக்குக் கூட்டிப் போகிறார்களாம். துண்டுத்தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். சரி, நான் வெளியே வைத்திருக்கிறேன். அக்கா ஆறு மணிக்கே வருகிறார். அவளும் வருகிறாள்.