மொரிஸ் மைனரின் தேய்ந்த இக்னிசன் பூட்டை வீட்டிலேயே மாற்றிய கதை

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1967ஆம் ஆண்டுக் கார். அதன் இக்னிசன் பூட்டு தேய்ந்துவிட்டதை முதலில் திறப்புத்தான் (சாவிதான்) காட்டிக்கொடுத்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு கையோடு கழன்று வரும், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போகப்போக அலுமாரித் திறப்பைச் செருகித் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்துவிட்டுக் கையை எடுத்தால் திறப்பு தானாகத் திரும்பி வராமல் அங்கேயே நின்றதுதான் பயமாக இருந்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இழுக்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் எரியும், வயரும் சூடாகும். அதனால் பூட்டு சரியாகும்வரை திறப்பை ஸ்டார்ட் வரை திருப்பாமல் இக்னிசன் நிலையோடு நிறுத்திவிட்டு, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தேன். மைனரில் அந்த வசதி இருப்பது பெரிய ஆறுதல்.

யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தத்துக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு சாதாரண சுவிட்ச், பக்கத்தில் ஒரு புஷ் பட்டன். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்று இங்கே இன்னும் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோலை விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. கிடைத்ததை வைத்து ஓடவைத்த கைகளின் வேலை அது. ஆனால் இப்போது பாகம் கிடைக்கிறது. அப்பாவின் காரில் திறப்பைத் திருப்பினால்தான் எஞ்சின் ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பூட்டு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பாகம். முன்னால் திறப்பு நுழையும் உருளை, பின்னால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். திறப்பு கழன்று வந்தால் உருளையில் தேய்மானம். திறப்பு இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் லேசாக ஆட்டினால் டாஷ்போட்டின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுங்குகிறது என்றால் சுவிட்சின் உள்ளே பிழை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் சிலருக்கு உருளையை மட்டும் மாற்றினால் போதும். எங்களுடையதில் உருளையும் போய்விட்டது, சுவிட்சின் ஸ்பிரிங்கும் போய்விட்டது.

புதிதாக வாங்குவதற்கு முன் பூட்டின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பல் தேய்க்கும் பழைய பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்ததும், கறுப்பு அழுக்குக்கு அடியில் எஃப்எஸ் (FS) என்ற எழுத்தும் மூன்று இலக்கமும் தெரிந்தன. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்கு வந்த எஃப்எஸ் வரிசைத் திறப்புகள் 876 முதல் 955 வரைதான். அதாவது மொத்தமே 80 வகை. அதனால் அதே இலக்கத்தில் புதிய உருளையும் திறப்பும் தேடிப் பிடிக்கலாம், கதவுக்கும் காருக்கும் பழையபடி ஒரே திறப்பு போதும். பழைய திறப்பைக் கொடுத்து நகல் வெட்டுவதில் பிரயோசனம் இல்லை. தேய்ந்த திறப்பின் நகலும் தேய்ந்ததாகத்தான் வரும். இலக்கத்தைச் சொல்லி வெட்டுவிக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது சுவிட்சும் உருளையும் கொண்டுவந்தார். மைனரின் உடல் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த காலம் ஒன்று உண்டு. இந்தக் கைக்கடக்கமான பூட்டு மட்டும் அங்கிருந்து வர வேண்டியிருக்கிறது.

வேலை பற்றரியில் தொடங்குகிறது. இந்த இடத்தில் கவனம் தேவை. எங்கள் மைனரில் இன்னமும் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. இன்றைய கார்களில் பழகிய கை மைனஸைத்தான் முதலில் தேடும். இங்கே அதைக் கழற்றும்போது ஸ்பனர் பொனட்டிலோ உடலிலோ பட்டால் நேரே ஷோட். எந்தக் கேபிள் உடலுக்குப் போகிறதோ அதை முதலில் கழற்ற வேண்டும், முடிவில் அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுவிட்சுக்கு வரும் வயரில் பியூஸ் கிடையாது. நீலக்கோடு ஓடும் மண்ணிற வயர் அது. திறப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சுவிட்சிலிருந்து, தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலுக்கும் பியூஸ் பெட்டிக்கும் போவது வெள்ளை வயர். வெள்ளையில் சிவப்புக்கோடு ஓடுவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலனொயிட்டுக்கு. பச்சை வயர்கள் பியூஸைத் தாண்டியவை, அவற்றை இந்த வேலையில் தொடவே தேவையில்லை. ஐம்பது வருசத்துக்கு மேல் வெயில் பார்த்த வயர்களில் நிறம் மங்கியிருக்கும். உறையைச் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தால் கோடு தெரியும். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதி, போனில் படமும் எடுத்துவிட்டுத்தான் கழற்றினேன்.

ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால் கை போக இடம் குறைவு. டாஷ்போட் பெட்டியின் உள் அட்டையைக் கழற்றினால் நிம்மதி. முன்பக்க வளைய நட்டைத் துணி சுற்றிய குறட்டால் மெதுவாகத் திருப்பினேன். நிக்கல் பூச்சு கீறுப்படவில்லை. நட் கழன்றதும் சுவிட்ச் பின்பக்கமாக இறங்கி வந்தது.

உருளையை எடுப்பதுதான் இந்த வேலையில் ரசமான பகுதி. சுவிட்சின் பக்கத்தில் ஊசித்துளை மாதிரி ஒன்று இருக்கும். திறப்பைப் போட்டு மெல்லத் திருப்பிக்கொண்டே, அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியால் அமுக்க வேண்டும். சரியான இடம் வந்ததும் உள்ளேயுள்ள பிடி அமுங்கும், உருளை திறப்போடு சேர்ந்து வெளியே வரும். வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திறப்பின் பல்லோடு பொருந்தும் பித்தளைத் தகடுகளின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. இடைவெளிகளில் தேங்காய் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து எள்ளுப்பாகு போல இறுகிக் கிடந்தது. இறுகும்போதெல்லாம் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய்தான் புழுதியைப் பிடித்துவைத்து, தகடுகளை அரத்தால் ராவுவதுபோல ராவியிருக்கிறது. பூட்டுக்குள் எண்ணெய் வேண்டாம். கிராபைட் தூள் போதும், அதுவும் கிடைக்காவிட்டால் பென்சில் கரியைத் திறப்பில் தேய்த்துப் போட்டு எடுக்கலாம்.

புதிய உருளை ‘கிளிக்’ என்று உட்கார்ந்தது. உடனே காரில் பூட்டாமல், மேசையில் வைத்து ஒரு பல்பையும் பற்றரியையும் கொண்டு எந்த நிலையில் எந்த முனைக்கு மின்சாரம் வருகிறது என்று பார்த்தேன். முனையில் பொறித்திருக்கும் இலக்கத்தை நம்புவதைவிட இது நல்லது. பழையதில் வயரை ஸ்குரூ போட்டு இறுக்குவது, புதியதில் அமுக்கிச் செருகுவது. அதனால் வயர் நுனிகளில் புதிய கிளிப் நசுக்கிப் பூட்டி, மேலே உறையும் போட்டேன்.

பற்றரியை இணைத்துத் திறப்பைத் திருப்பினால் டைனமோவின் சிவப்பு விளக்கும் ஒயில் விளக்கும் எரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், எஞ்சின் பிடித்தது. கையை எடுத்ததும் திறப்பு துள்ளித் தன் இடத்துக்கு வந்தது. ஓடும்போது இழுத்துப் பார்த்தேன், திறப்பு அசையவில்லை. அணைத்ததும் எஞ்சின் நின்றது.

கேற் திறப்பு, வீட்டுத் திறப்பு எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோப்பதை நிறுத்திவிட்டேன். ஓடும்போது அந்தப் பாரம் தொங்கி ஆடுவதும் உருளையைத் தேய்க்கும். புதிதாக வந்த இரண்டு திறப்புகளில் ஒன்றைப் பாவிக்காமல் வைத்திருக்கிறேன். இனி நகல் வெட்ட வேண்டி வந்தால் அதிலிருந்துதான் வெட்டுவது.